கண்டங்களின் நகர்வு கண்ட வெகனர்

தமிழகத்தின் கீழைக்கரை, இராமநாதபுரத்தைக் கடந்ததும் ஒரு முனையாகக் குறுகிக் கடலுக்குள் நீள்கிறது. அம்முனையில் அமைந்த ஊர் மண்டபம். அதன் வடபால் பாக் விரிகுடா. தென்பால் மன்னார் வளைகுடா. கிழக்கே பாம்பன் கால்வாய்க்கு அப்பால் இராமேசுவரத் தீவு. அத்தீவின் கோடியாகிய தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே மணல் திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. இக்காட்சியைக் காண்பவர் உள்ளத்தில், இவ்விரு நிலங்களும் ஒருகாலத்தில் ஒன்றாய் இருந்தனவோ, இருந்தனவாயின் இவற்றிடையே கடல் புகுந்தது எவ்வாறு என்னும் வினா எழுதல் இயல்பே.

இத்தகைய வினாவை ஒரு நீரிணையளவில் நிறுத்தாது, உலகின் கண்டங்கள் அனைத்தையும் நோக்கி எழுப்பியவர் ஆல்பிரடு வெகனர் என்னும் ஜெர்மானிய அறிஞர். இன்று வெவ்வேறாகக் கிடக்கும் கண்டங்கள் யாவும் முன்னொருகாலத்தில் ஒரே பெருநிலமாய் இருந்தன என்றும், அப்பெருநிலம் பிளந்து, அதன் கூறுகள் மெல்ல மெல்ல விலகிச் சென்றே இன்றைய இடங்களை அடைந்தன என்றும் அவர் கூறினார். அவர் வாழ்நாளில் அதனை ஏற்றவர் சிலர், எள்ளியவர் பலர். எனினும் இன்று அவர் கூற்றின் சாரம் உலகெங்கும் பள்ளிப் பாடமாக விளங்குகிறது. இம்மாற்றம் நிகழ்ந்த வரலாறு, ஓர் உண்மை எவ்வாறு நிலைபெறுகிறது என்பதைக் காட்டும் வரலாறுமாகும்.

இளமையும் கல்வியும்

வெகனர் 1880-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் பெர்லின் நகரில் பிறந்தார். தந்தையார் ரிச்சர்டு வெகனர் சமயப் பணியாளரும் பண்டை மொழிகளைக் கற்பித்த ஆசிரியருமாவார். அவருடைய மக்கள் ஐவருள் இளையவர் ஆல்பிரடு. பெர்லின், ஹைடல்பர்க், இன்ஸ்புரூக் ஆகிய நகரங்களில் பயின்ற அவர், 1905-ஆம் ஆண்டில் வானநூல் ஆராய்ச்சிக்காக டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் ஓரிடத்தில் அமர்ந்து விண்மீன்களைக் கணக்கிடும் வாழ்வு அவர் உள்ளத்திற்கு இசையவில்லை. காற்றும் மேகமும் பனியும் இயங்கும் முறையை ஆராயும் வானிலையியலின்பால் அவர் நாட்டம் சென்றது.

அந்நாளில் மேல்வானத்தின் நிலையை அறிய விரும்பியோர் பலூனில் ஏறிச் செல்ல வேண்டியிருந்தது. 1906-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வெகனர் தம் தமையனார் குர்ட்டுடன் பலூனில் ஏறி, 52 மணி நேரத்திற்கும் மேலாக இடைவிடாது வானில் மிதந்து, அதுவரை எவரும் எய்தாத அருஞ்செயலை நிகழ்த்தினார். அதே ஆண்டில் டென்மார்க்கு நாட்டார் கிரீன்லாந்துக்கு அனுப்பிய ஆராய்ச்சிக் குழுவிலும் அவர் சேர்ந்தார். கிரீன்லாந்து, நிலத்தின் பெரும்பகுதியைப் பனிக்கட்டி மூடிய பெருந்தீவு. ஆங்கு அவர் ஈராண்டுகள் தங்கி, வானிலை ஆராய்ச்சி நிலையம் ஒன்றை அமைத்துக் காற்றின் இயல்புகளை அளந்தார். குழுவின் தலைவர் மைலியஸ் எரிக்சனும் துணைவர் இருவரும் பனிவெளியிலேயே மாண்டனர். அந்நாட்டின் கொடுமையை இவ்வாறு நேரில் கண்டிருந்தும், வெகனர் பிற்காலத்தில் மும்முறை ஆங்கு மீண்டார். 1908-இல் தாயகம் திரும்பி, மார்பர்க் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக அமர்ந்தார்.

நிலப்படம் எழுப்பிய ஐயம்

1910-ஆம் ஆண்டின் இறுதியில், நண்பர் ஒருவரிடம் இருந்த புதிய நிலப்படத் தொகுதியை வெகனர் புரட்டிக்கொண்டிருந்தார். தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேலைக்கரையும் ஒன்றோடொன்று பொருந்துவன போல் தோன்றின. இப்பொருத்தத்தை அவருக்கு முன்னரே கண்டு வியந்தோர் உளர். வெகனரும் முதலில் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. மறு ஆண்டில், அட்லாண்டிக் பெருங்கடலின் இருகரைகளிலும் ஒரே வகை உயிர்களின் படிவங்கள் பாறைகளில் கிடைப்பதாகக் கூறும் ஓர் அறிக்கையைப் படித்தபோதுதான் அவர் உள்ளம் விழித்தது. கடலை நீந்திக் கடக்க இயலாத உயிர்கள் இருகரையிலும் வாழ்ந்தது எங்ஙனம்?

இவ்வினாவுக்கு அக்காலத்து நிலவியலார் ஒரு விடை வைத்திருந்தனர். கண்டங்களை இணைத்துப் பாலங்கள் போல நிலப்பகுதிகள் இருந்தன என்றும், அவை பின்னர்க் கடலில் மூழ்கின என்றும் அவர்கள் கூறினர். மடகாஸ்கர்த் தீவில் வாழும் லெமூர் என்னும் விலங்கினத்தை ஆராய்ந்த ஸ்கிளேட்டர் என்பார், 1864-ஆம் ஆண்டில், அத்தீவையும் இந்தியாவையும் இணைத்த ஒரு நிலம் இருந்ததாகக் கருதி, அதற்கு லெமூரியா எனப் பெயரிட்டார். பிற்காலத்தே தமிழறிஞர் சிலர் இப்பெயரைப் பழந்தமிழ் உரைநூல்கள் கூறும் கடல்கோட் செய்தியோடு இணைத்துப் பேசினர்.

வெகனர் இவ்விடையை ஏற்றிலர். கண்டங்கள் எடை குறைந்த பாறையால் ஆனவை; ஆழ்கடலின் அடித்தளமோ எடை மிகுந்த பாறையால் ஆனது. நீரில் மிதக்கும் மரக்கலம் தானே அமிழ்ந்து அடித்தரையை அடைவதில்லை. அதுபோல, எடை குறைந்த கண்டப் பாறை எடை மிகுந்த பாறைக்குள் அமிழ்ந்து, பல்லாயிரம் மீட்டர் ஆழத்திற்குச் செல்லுதல் இயலாது. நிலம் மூழ்கவில்லையாயின், எஞ்சும் வழி ஒன்றே. கரைகள் இரண்டும் முன்னர் ஒட்டியிருந்து, பின்னர் விலகியிருத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் மண்டபத்துக் கடல் ஒரு தெளிவான பாடம் புகட்டுகிறது. பாக் விரிகுடாவின் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைவு. இந்தியப் பெருங்கடலின் சராசரி ஆழமோ ஏறத்தாழ 3,700 மீட்டர். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் ஒரு பெரும்பகுதி பனிக்கட்டியாய் உறைந்திருந்தபோது, கடல்மட்டம் இன்றைக்கினும் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அக்காலத்தில் இந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கால்நனையாமல் நடந்து செல்ல இயலும். பனி உருகிக் கடல் உயர்ந்ததும் தாழ்நிலம் நீரால் மூடப்பட்டது. கரையோரத்தைக் கடல் கொள்ளுதலும் உண்டு. 1964-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தமை அதற்குச் சான்று. ஆனால், ஆழமில்லாக் கடல் ஒரு தாழ்நிலத்தை மூடுதல் வேறு. ஒரு கண்டம் முழுவதும் ஆழ்கடலின் அடியில் மறைதல் வேறு. முன்னது நிகழ்வது, பின்னது நிகழாதது. இவ்வேறுபாட்டை உணர்ந்ததே வெகனருடைய சிந்தனையின் அடிப்படையாகும்.

கொள்கையின் பிறப்பு

1912-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6-ஆம் நாள், பிராங்பர்ட் நகரில் கூடிய நிலவியல் அறிஞர் அவையில் வெகனர் தம் கருத்தை முதன்முதலாக வெளியிட்டார். அவருக்கு அப்போது வயது 31. அவையினர் அதனை விரும்பவில்லை. ஆயினும் அவர் சோர்ந்திலர். அவ்வாண்டிலேயே கோச் என்னும் டென்மார்க்கு நாட்டுத் தோழருடன் மீண்டும் கிரீன்லாந்து சென்றார். நால்வர் அடங்கிய அக்குழு, பனிப்பரப்பின்மீதே ஒரு குளிர்காலத்தைக் கழித்து, 1913-இல் குதிரைகளின் துணையுடன் அதனைக் குறுக்கே கடந்தது. உணவு அற்றுப்போய், உயிர் பிரியும் நிலையில் அவர்கள் மறுகரையை அடைந்தனர். அவ்வாண்டில் வெகனர், புகழ்பெற்ற தட்பவெப்பநிலை அறிஞராகிய கோப்பென் என்பாரின் மகளார் எல்ஸை மணந்தார்.

மறு ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. படையிற் சேர்ந்த வெகனர் இருமுறை காயமுற்றார். அதனால் கிடைத்த ஓய்வைப் பயன்படுத்தித் தம் கொள்கையை விரித்தெழுதினார். கண்டங்களும் கடல்களும் தோன்றிய வரலாற்றைக் கூறும் அந்நூல் 1915-இல் வெளிவந்தது. பழைய பெருநிலம் பின்னர்ப் பாஞ்சியா எனப் பெயர்பெற்றது.

உடைந்த பானையின் ஓடுகள் இரண்டின் விளிம்புகள் பொருந்துவது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் ஓர் ஓட்டில் வரையப்பட்ட கோடு மற்றோர் ஓட்டிலும் இடைமுறியாது தொடருமாயின், அவை ஒரே பானையின் கூறுகள் என்பதில் ஐயம் எழாது. வெகனர் தேடியது அத்தகைய கோடுகளையே. ஒரு கண்டத்தில் முடியும் மலைத்தொடரும் பாறையடுக்கும் கடலுக்கு அப்பால் மறு கண்டத்தில் தொடர்வதை அவர் காட்டினார்.

இந்தியா அளித்த சான்று

அவருடைய சான்றுகளுள் சிறந்தவை சில, இந்திய மண்ணிலிருந்து கிடைத்தவை. நடு இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் பகுதியில் நிலக்கரி பொதிந்த பாறையடுக்குகளை ஆராய்ந்த மெட்லிக்காட் என்னும் அறிஞர், 1872-ஆம் ஆண்டில் அவற்றிற்குக் கோண்டுவானா எனப் பெயரிட்டார். அவ்வடுக்குகளில் குளோசாப்டெரிஸ் என்னும் செடியின் நாவடிவ இலைச்சுவடுகள் மலிந்து கிடந்தன. அதே இலை ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைத்தது. அது கண்டு, ஆஸ்திரிய அறிஞர் சூயஸ் என்பார், இந்நாடுகள் யாவும் ஒரு பெருநிலத்தின் பகுதிகள் எனக் கூறி, அதற்குக் கோண்டுவானா நிலம் என்னும் பெயரை வழங்கினார். 1912-இல் தென்துருவத்தினின்று மீளும் வழியில் உயிர்நீத்த ஸ்காட்டும் அவர்தம் தோழரும் இறுதிவரை இழுத்து வந்த கற்களிலும் அவ்விலையின் சுவடு காணப்பட்டது.

மற்றொரு புதிரும் இருந்தது. ஒடிசாவில் உள்ள தால்ச்சீர் என்னும் இடத்தில், பனியாறுகள் உருட்டிக் கொணர்ந்த பாறைக்கற்களின் அடுக்கை 1856-ஆம் ஆண்டிலேயே நிலவியலார் கண்டிருந்தனர். வெயில் கொளுத்தும் இந்தியாவில் பனியாறு ஓடியது எவ்வாறு? அதுபோன்ற தடங்கள் தென்னாப்பிரிக்கா முதலிய பிற நாடுகளிலும் இருந்தன. இந்நிலங்கள் யாவும் தென்துருவத்தை அடுத்து ஒன்றாய்க் கூடியிருந்தன எனக் கொண்டால், பனிமூடிய பகுதி ஒரே பரப்பாக அமைந்து, புதிர் அவிழ்ந்தது. இந்தியா ஆசியாவை நெருக்கியதால் நிலம் மடிந்து இமயம் உயர்ந்தது என்றும் வெகனர் கூறினார்.

எதிர்ப்பும் குறையும்

இத்துணைச் சான்றுகள் இருந்தும், அறிஞருலகம் அவரை ஏற்கத் தயங்கியது. 1926-இல் நியூயார்க்கில் கூடிய நிலவியலார் பலர் அவர் கொள்கையைக் கடுமையாக மறுத்தனர். வானிலையியலார் ஒருவர் நிலவியலில் புகுந்து தீர்ப்புக் கூறுவதா என்னும் சினமும் சிலருக்கு இருந்தது. ஆயினும் எதிர்ப்பு முழுவதும் அழுக்காற்றால் விளைந்தது எனல் பொருந்தாது. கண்டங்களை நகர்த்தும் ஆற்றல் யாது என்று அவர்கள் வினவினர். நிலவுலகின் சுழற்சியும் திங்கள் ஞாயிறுகளின் ஈர்ப்பும் காரணமாகலாம் என்று வெகனர் விடை பகர்ந்தார். அவ்வாற்றல்கள் மிகச் சிறியவை என்பதைக் கணக்கறிந்தோர் எளிதில் காட்டிவிட்டனர். கிரீன்லாந்து ஆண்டுக்குப் பல மீட்டர் விலகுவதாக அவர் கொண்ட அளவும் பிழையே. கண்டங்கள் நகர்ந்தன என்பது உண்மை. நகர்ந்தது எவ்வாறு என்பதற்கு அவர் அளித்த விடை தவறு.

வெகனர் எதிர்ப்பாளரைப் பகைத்திலர். தம் கருத்தைக் கைவிடவும் இல்லை. ஒவ்வொரு பதிப்பிலும் பிழை களைந்து, புதுச் சான்றுகள் சேர்த்து, 1929-ஆம் ஆண்டில் நூலின் நான்காம் பதிப்பை வெளியிட்டார். 1924-ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகம் அவருக்குப் பேராசிரியர் பதவி வழங்கியது. மனைவியும் மகளிர் மூவரும் சூழ அமைதியாக வாழ அவருக்கு வாய்ப்பு இருந்தது. ஆனால் கிரீன்லாந்தின் பனி அவரை மீண்டும் அழைத்தது.

இறுதிப் பயணம்

1930-ஆம் ஆண்டில் அவர் ஒரு பெரிய ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைமை பூண்டார். பனிக்கட்டியின் கனத்தை அளத்தலும், ஆண்டு முழுதும் வானிலையை நோக்குதலும் அக்குழுவின் நோக்கங்கள். மேலைக்கரையினின்று 400 கிலோமீட்டர் தொலைவில், பனிப்பரப்பின் நடுவே அமைத்த நிலையத்தில் கியார்கி, சார்கே என்னும் இருவர் தங்கினர். குளிர்காலத்திற்குப் போதுமான உணவும் எரிபொருளும் அவர்களுக்குச் சென்று சேரவில்லை. அவர்களிடம் வானொலிக் கருவியும் இல்லை. அவர்கள் என்னாயினர் என்பதைத் தலைவர் அறியும் வழி, தாமே செல்வதொன்றுதான்.

செப்டம்பர்த் திங்களில் வெகனர், லோவே என்னும் அறிஞரோடும் கிரீன்லாந்து மக்கள் பதின்மூவரோடும் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளில் புறப்பட்டார். பனிப்புயல் வழிமறித்தது. குளிர், சுழிக்குக் கீழே 50 பாகையையும் கடந்து இறங்கியது. துணை வந்தோர் பன்னிருவர் இடைவழியில் திரும்பினர். வெகனர், லோவே, ராஸ்மஸ் வில்லும்சன் என்னும் கிரீன்லாந்து இளைஞர் ஆகிய மூவர் மட்டும் அக்டோபர் இறுதியில் நிலையத்தை அடைந்தனர். கொண்டுவந்த பண்டங்களில் பெரும்பகுதியை வழியிலேயே விடவேண்டியதாயிற்று. அங்கிருந்த இருவரும் பனிக்குள் குகை தோண்டி, உள்ளதைக்கொண்டு குளிர்காலத்தைக் கழிக்கத் துணிந்திருந்தனர். லோவேயின் கால்விரல்கள் பனியால் கெட்டன. பின்னர் அவற்றை அகற்ற நேர்ந்தது.

ஐவர் தங்கினால் உணவு போதாது. ஆகவே லோவேயை ஆங்கே விட்டு, நவம்பர் முதல் நாள், தம் ஐம்பதாம் பிறந்த நாளன்று, வெகனர் வில்லும்சனுடன் கரை நோக்கித் திரும்பினார். இருவரும் கரை சேர்ந்திலர். 1931-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஏறத்தாழப் பாதிவழியில், பனியில் நட்டிருந்த இரு சறுக்குக் கட்டைகளைத் தேடிச் சென்றோர் கண்டனர். அவற்றின் நடுவே பனியைத் தோண்டியபோது வெகனரின் உடல் கிடைத்தது. வில்லும்சன் அதனைத் துணியில் பொதிந்து, அன்புடன் அடக்கம் செய்திருந்தார். அவ்விளைஞரின் உடலோ இன்றளவும் கிடைத்திலது. பனிநடுவில் தங்கிய மூவரும் உயிர் பிழைத்தனர். வெகனர் அப்பனியிலேயே துயில்கிறார்.

வெற்றி பெற்ற கொள்கை

அவர் மறைவோடு அவர் கொள்கையும் மறைந்துவிடும் என்று பலர் எண்ணினர். சிலர் அதனைக் காத்தனர். தென்னாப்பிரிக்க அறிஞர் டூ டாய்ட் 1937-இல் கண்டங்களின் அலைவைப்பற்றி எழுதிய நூலை வெகனரின் நினைவுக்கே உரிமையாக்கினார். நிலத்தின் ஓட்டுக்கு அடியில் உள்ள வெப்பப் பாறை மெல்லச் சுழல்வதே நகர்ச்சிக்குக் காரணமாகலாம் என்று ஹோம்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் காட்டினார். 1962-இல் அமெரிக்கரான ஹெஸ், நடுக்கடல் மலைத்தொடர்களின் வழியே புதிய பாறை எழுந்து, கடலடி இருபுறமும் விரிகிறது என்றார். மறு ஆண்டில் வைன், மாத்தியூஸ் என்னும் இருவர், கடலடிப் பாறையில் பதிந்த காந்தக் கோடுகளைக்கொண்டு அதனை வலியுறுத்தினர். அவர்கள் ஆராய்ந்த அளவுகள் இந்தியப் பெருங்கடலின் வடமேற்கே உள்ள மலைத்தொடரில் எடுக்கப்பட்டவை என்பது குறிப்பிடத்தக்கது. கண்டங்கள் தனித்து நகர்வதில்லை. கண்டத்தையும் கடலடியையும் ஒருங்கே தாங்கிய புவித்தட்டுகளே நகர்கின்றன என்பது அதன்பின் தெளிவாயிற்று.

இந்தியா நடந்த வழியும் இன்று அறியப்பட்டுள்ளது. ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா பிளவுறத் தொடங்கியது. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் மடகாஸ்கரும் ஒருசேர அண்டார்க்டிகாவை விட்டு அகன்றன. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரையும் பிரிந்த இந்தியா வடக்கே விரைந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவை முட்டியது. சென்னையை அடுத்த பல்லாவரத்தில் காணப்படும் சார்னகைட் என்னும் பழம்பாறை இலங்கையிலும் மடகாஸ்கரிலும் அண்டார்க்டிகாவிலும் காணப்படுதல் பண்டைய உறவுக்குச் சான்றாகும். சிவகங்கைப் பகுதியில் கோண்டுவானாக் காலத்தின் பிற்பகுதியைச் சார்ந்த செடிகளின் சுவடுகள் கிடைத்துள்ளன.

அப்பிளவின் தழும்பு மண்டபத்தின் அடியிலும் உள்ளது. அண்டார்க்டிகா அகன்ற காலத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட நிலமும் இழுபட்டு மெலிந்து தாழ்ந்தது. ஆனால் பிளவு முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது. ஆகவே இந்தியாவும் இலங்கையும் இன்றும் ஒன்றாகவே நகர்கின்றன. அப்பள்ளத்தில் காலந்தோறும் படிந்த மண்ணும் மணலும் பாறையாயின; இராமநாதபுரம் பகுதியில் எடுக்கப்படும் இயற்கை எரிவாயு அப்படிவுகளில் பொதிந்ததே.

வெகனரிடம் இன்றைய கருவிகள் இல்லை. அவர் கண்ட காரணமும் சரியில்லை. ஆயினும் சான்றுகள் காட்டிய திசையினின்று அவர் விலகவில்லை. பிழையைத் திருத்திக்கொள்ளவும் பழியைப் பொறுக்கவும் அவர் அறிந்திருந்தார். உண்மைக்கு உழைப்பவர் அதன் வெற்றியைக் காண்பது உறுதியன்று. உழைப்பு வீண்போகாது என்பதே உறுதி. இன்று விண்வெளியிற் சுற்றும் செயற்கைக் கோள்களின் துணைகொண்டு அளந்து, இந்திய நிலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்கே நகர்வதை அறிஞர் காண்கின்றனர். அலைகள் ஓயாது மோதும் மண்டபக் கரை அசைவற்றதுபோல் தோன்றுகிறது. அக்கரையும் பயணம் செய்துகொண்டுதான் இருக்கிறது.